நம் முன்னோர் கட்டிய மூட்டை



பள்ளி விடுமுறை வந்துவிட்டால் நம் வீடுகளில் ஒரு பரபரப்பு தொடங்கிவிடும். தைப்பூசத்துக்குப் பத்துமலை போவதானாலும் சரி, தீபாவளிக்குத் தாத்தா வீட்டுக்குப் போவதானாலும் சரி, அம்மா பெட்டியை இறக்கி வைப்பார். அப்பா கயிறு தேடுவார். பிள்ளைகள் தங்களுக்கு வேண்டிய விளையாட்டுச் சாமானை முதலில் உள்ளே போட்டுவிட்டு ஒன்றும் தெரியாதவர்கள் போல நிற்பார்கள். பேருந்து நிலையத்துக்குப் போன பிறகுதான் கைக்குழந்தையின் பால் போத்தல் அடுப்படியிலேயே இருந்துவிட்டது என்று தெரியவரும்.

பயணத்துக்கு மூட்டை கட்டுவது சின்ன வேலை என்று நாம் நினைக்கிறோம். ஆனால் நம் குடும்பங்களின் வரலாறே ஒரு மூட்டையோடுதான் தொடங்கியது. கடல் கடந்து இந்நாட்டுக்கு வந்த நம் முன்னோர் அந்த மூட்டையில் எதை வைத்தார்கள்? யாரோடு வந்தார்கள்? பிள்ளைகளை எப்படிக் கொண்டு வந்து சேர்த்தார்கள்? எதை வைக்க மறந்தார்கள்? இந்தக் கேள்விகளுக்கு விடை தேடினால், நம்முடைய அடுத்த பயணத்துக்கும் அதில் பாடம் கிடைக்கும்.

தொடக்க காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து மலாயாவுக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் தனி ஆட்களாக வந்த இளைஞர்கள். ஒப்பந்தக் கூலி முறையில் கையெழுத்தோ கைநாட்டோ வைத்துவிட்டு வந்தவர்கள். பாய்மரக் கப்பலில் வந்தவர்கள் காற்றை நம்பி வாரக்கணக்கில் கடலில் கிடந்தார்கள். வழியில் நோய் கண்டு இறந்தவர்களுக்குக் கடலே இடுகாடாயிற்று. அவர்களுடைய மூட்டை மிகச் சிறியது. மாற்றுத் துணி ஒன்று, போர்வை ஒன்று, சாப்பிட ஒரு பாத்திரம். அவ்வளவுதான்.

ஒப்பந்தக் கூலி முறை 1910ஆம் ஆண்டில் முடிவுக்கு வந்தது. அதற்கு முன்பே கங்காணி முறை வேரூன்றியிருந்தது. தோட்டத்தில் வேலை செய்யும் ஒருவரையே துரை கங்காணியாக நியமித்து, அவருடைய சொந்த ஊருக்கு அனுப்பி ஆள் சேர்த்து வரச் சொல்வார். ஊரில் தெரிந்த முகம் வந்து கூப்பிடுவதால், கணவனும் மனைவியும் பிள்ளைகளுமாகக் குடும்பங்கள் கிளம்பின. அண்ணன் புறப்பட்டால் தம்பியும், மாமன் புறப்பட்டால் மருமகனும் சேர்ந்துகொண்டார்கள். கங்காணிக்குத் தலைக்கு இவ்வளவு என்று பணம் கிடைத்தது என்பதையும், அவர் சொன்ன வார்த்தைகள் எல்லாம் மெய்யாகவில்லை என்பதையும் நாம் மறக்க வேண்டியதில்லை. ஆனாலும் நம் மக்கள் குடும்பமாகவும் ஊராகவும் சேர்ந்து பயணம் செய்யத் தொடங்கியது இந்த முறையில்தான்.

1907ஆம் ஆண்டில் தமிழர் குடியேற்ற நிதி ஏற்படுத்தப்பட்டது. தோட்ட முதலாளிகள் எல்லாரும் அந்த நிதிக்குப் பணம் கட்ட வேண்டும். தொழிலாளரின் பயணச் செலவு அதிலிருந்து கொடுக்கப்படும். அதற்கு முன் வந்தவர்களில் பலர், கப்பலில் கால் வைக்கும்போதே வழிச் செலவுக் கடனையும் மூட்டையோடு சுமந்து வந்தார்கள். அந்த நிதி வந்த பிறகு வழிச் செலவுக் கடன் இல்லாமல் வந்து இறங்க வழி பிறந்தது. பயணம் போகிறவனுக்குக் கடனைப் போலக் கனமான சாமான் வேறு இல்லை அல்லவா?

ஊரைவிட்டுக் கிளம்பியவர்கள் ரயில் ஏறி நாகப்பட்டினத்துக்கோ சென்னைக்குப் பக்கத்திலுள்ள ஆவடிக்கோ வந்து சேர்வார்கள். அந்த இரண்டு இடங்களிலும் முகாம்கள் இருந்தன. நம் பெரியவர்கள் அதை டிப்போ என்பார்கள். அங்கே பெயர் பதிவார்கள், மருத்துவர் பார்ப்பார், அம்மை குத்துவார்கள். பிறகு கப்பல் வரும் நாளுக்காகக் காத்திருக்க வேண்டும். முன்பின் தெரியாத கூட்டம். பிள்ளை ஒரு நொடி கையை விட்டால் காணாமற்போய்விடும். அதனால் ஒரே ஊர்க்காரர்கள் ஓரிடத்தில் மூட்டைகளை வட்டமாக அடுக்கிப் பிள்ளைகளை நடுவில் உட்கார வைத்துக்கொள்வார்கள் என்று பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஒருவர் தண்ணீருக்குப் போனால் இன்னொருவர் காவல்.

நாகப்பட்டினத்தில் பெரிய கப்பல் கரையோரம் வந்து நிற்க முடியாது. அது தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். பயணிகள் படகில் ஏறி அலையில் ஆடி ஆடிப் போய், ஆடுகிற படகிலிருந்து ஆடுகிற கப்பலுக்கு ஏற வேண்டும். இடுப்பில் குழந்தையை வைத்திருக்கும் தாய் என்ன செய்வாள்? ஒரு கை குழந்தைக்கு. ஒரு கை பிடிமானத்துக்கு. சாமானுக்கு மூன்றாவது கை ஏது? எனவே தலையில் வைத்துக்கொள்ளும் அளவுக்கோ, முதுகில் கட்டிக்கொள்ளும் அளவுக்கோ தான் மூட்டை இருக்க வேண்டும். கையில் பிடித்தாக வேண்டிய சாமான் பிள்ளைக்கு எதிரி. இந்தப் பாடத்தை அவர்கள் கடலிடமே கற்றார்கள்.

கப்பலில் ஏழைகளுக்கு அறை கிடையாது. மேல்தளத்திலும் கீழ்த்தளங்களிலும் பாயை விரித்துக்கொள்ள வேண்டியதுதான். பாய் விரித்த இடமே வீடு. நீராவிக் கப்பலில் பினாங்கு வந்து சேர ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். கப்பலில் சோறு போடுவார்கள். ஆனால் கடல் மயக்கம் வந்தவனுக்குச் சோறு எதற்கு? அதனால்தான் வீட்டுக்கு மூத்தவர்கள் எலுமிச்சை ஊறுகாயும் நாரத்தங்காயும் சுக்கும் ஓமமும் மறவாமல் முடிந்து வைத்தார்கள். வாந்தி எடுத்துத் துவண்ட பிள்ளைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கஞ்சித் தண்ணீர். பழைய சேலை ஒன்று இருந்தால் கப்பல் கம்பியில் தூளி கட்டலாம், வெயிலுக்கு மறைப்பாகக் கட்டலாம், குளிருக்குப் போர்த்தலாம். பயணத்தில் எடுத்துச் செல்லும் பொருள் ஒன்றாக இருந்தாலும் மூன்று வேலைக்கு உதவ வேண்டும் என்பது அவர்களுடைய கணக்கு.

மூட்டைக்குள் வேறு சிலவும் இருந்தன. குலதெய்வத்தின் திருநீறு. சிலரிடம் ஊர்க்கோயிலின் பிடிமண். அப்படிக் கொண்டு வந்த மண்ணை வைத்து எழுப்பியது என்று சொல்லப்படும் கோயில்கள் நம் தோட்டப்புறங்களில் உண்டு. எழுத்துத் தெரிந்தவர் யாராவது கூட்டத்தில் இருந்தால் அவரிடம் பெரிய எழுத்துக் கதைப் புத்தகம் ஒன்று இருக்கும். இரவில் தளத்தில் அவர் ராகம் போட்டு வாசிக்க, சுற்றி உட்கார்ந்து எல்லாரும் கேட்பார்கள். பிள்ளைகள் கேட்டபடியே தூங்கிப்போகும். பக்கத்துப் பாய்க்காரர் யார், என்ன ஊர் என்று முதல் நாள் தெரியாது. மூன்றாம் நாள் அவர் மனைவி நம் பிள்ளையை மடியில் வைத்திருப்பார். இறங்கும் நாளில் அவர்கள் அண்ணன், அண்ணியாகிவிடுவார்கள். பிறகு வெவ்வேறு தோட்டத்துக்குப் போனாலும், கல்யாணம் காட்சி என்றால் ஒரே கப்பலில் வந்தவர்கள் என்று சொல்லித் தேடிக்கொண்டு வருவார்கள்.

கப்பல் வந்து சேர்ந்தவுடன் தோட்டத்துக்குப் போய்விட முடியாது. பினாங்குக்கு வந்தவர்கள் ஜெரெஜாக் தீவிலும், சிங்கப்பூருக்கு வந்தவர்கள் செயின்ட் ஜான் தீவிலும், 1901ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட போர்ட் சுவெட்டன்ஹாமுக்கு வந்தவர்கள் அங்கிருந்த முகாமிலும் தொற்றுநோய்த் தடுப்புக்காகத் தங்க வைக்கப்பட்டார்கள். துணிமணிகளுக்குக் கிருமி நீக்கம் நடக்கும். பத்திரமாகக் கட்டிக்கொண்டு வந்த மூட்டையை அந்நியர் முன் அவிழ்த்துப் போடும்போது மனம் கூசத்தான் செய்திருக்கும். அதையும் கடந்து, ரயிலிலும் லாரியிலும் மாட்டு வண்டியிலுமாகத் தோட்டத்து லயன் வீட்டு வாசலில் அந்த மூட்டை இறக்கி வைக்கப்பட்டது.

இங்கே ரஜூலா கப்பலைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. நம்மில் மூத்தவர்களுக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே முகம் மலரும். 1926ஆம் ஆண்டில் ஸ்காத்லாந்தில் கட்டப்பட்ட கப்பல் அது. தொடக்கத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தளப் பயணிகளை ஏற்றிச் செல்ல அதற்கு அனுமதி இருந்தது. ஒரு சிற்றூரே மிதந்து வருவது போலத்தான்! பிற்காலத்தில் அந்த எண்ணிக்கை மிகவும் குறைக்கப்பட்டது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று, போர்க்காலம் தவிர, 1973ஆம் ஆண்டு வரை அது நம்மவர்களை ஏற்றிச் சென்றது. அதன் பின் சிதம்பரம் கப்பல் ஓடியது. 1985ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள் அக்கப்பலில் தீப்பற்றிப் பலர் உயிரிழந்தார்கள். அத்தோடு நம் மக்களின் கப்பல் பயணக் காலமும் முடிந்தது. இன்று கோலாலம்பூரிலிருந்து சென்னைக்கு விமானத்தில் ஏறக்குறைய நான்கு மணி நேரம்தான்.

ரஜூலாவில் ஊருக்குப் போகும்போது மூட்டை போய்த் தகரப் பெட்டி வந்திருந்தது. பூப்போட்ட பெட்டி, அதற்கு ஒரு பூட்டு, மூடிமேல் வெள்ளைச் சாயத்தில் பெயரும் ஊரும். உள்ளே கைலி, கோடாலித் தைலம், டார்ச் லைட், சவர்க்காரம், உறவுக்கு ஒன்றாகச் சேலை. பெட்டி கொள்ளாத அன்பு அது! ஒரு பெட்டியை நிரப்பப் பல ஆண்டுகள் பால் மரம் சீவியிருக்க வேண்டும்.

ஆனால் எல்லாப் பயணங்களும் மகிழ்ச்சியான பயணங்களாக இல்லை. 1930ஆம் ஆண்டுக்குப் பின் உலக மந்தத்தால் ரப்பர் விலை விழுந்தது. வேலையில்லை என்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நம்மவர்கள் சில ஆண்டுகளில் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். இங்கே பிறந்த பிள்ளைகள், தாங்கள் பார்த்தேயிராத ஊருக்குத் 'திரும்பி'ப் போனார்கள். 1938ஆம் ஆண்டில் இந்திய அரசு கூலித் தொழிலாளரை உதவிப்பணத்தில் அனுப்புவதைத் தடை செய்தது. 1941ஆம் ஆண்டு டிசம்பரில் போர் வந்தது, கப்பல் நின்றது. ஜப்பானியர் சயாம் மரண ரயில்பாதைக்கு ஆள் பிடித்தபோது, மூட்டை கட்டக்கூட நேரமில்லாமல் லாரியில் ஏற்றப்பட்டவர்கள் எத்தனையோ பேர். அவர்களில் திரும்பி வராதவர்களும் எத்தனையோ பேர்.

இப்போது, அவர்கள் மூட்டையில் வைக்க மறந்தது என்ன என்ற கேள்விக்கு வருவோம்.

அது காகிதம். ஆம், சாதாரணக் காகிதம்.

கங்காணியோடு வந்த காலத்தில் கடப்பிதழ் தேவைப்படவில்லை. தாளெல்லாம் கங்காணியிடமும் கிராணியிடமும் இருந்தது. குழந்தை பிறந்தது லயன் வீட்டில். பிள்ளைப்பேறு பார்த்தது பக்கத்து வீட்டுப் பாட்டி. பிறந்த நாளைக் கேட்டால், 'பெரிய வெள்ளம் வந்த வருசம், மாரியம்மன் திருவிழாவுக்கு மறுநாள்' என்பார்கள். அந்தக் காலத்துக்கு அது போதுமானதாக இருந்தது.

காலம் மாறியது. 1948ஆம் ஆண்டில் அவசரகாலம் பிறந்தபோது, 12 வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் அடையாள அட்டை வந்தது. 1953ஆம் ஆண்டில் குடிநுழைவுக் கட்டுப்பாடுகள் இறுகின. 1957ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் நாடு விடுதலை பெற்றது. குடியுரிமை பெறுவதற்கு, எங்கே பிறந்தாய், எத்தனை ஆண்டு இங்கே இருந்தாய் என்று காட்ட வேண்டியிருந்தது. தாளைப் பத்திரப்படுத்தியவர்கள் காட்டினார்கள். கையிலே தாள் இல்லாதவர்களும், மனுச் செய்யாமல் காலம் கடத்தியவர்களும் சிவப்பு அடையாள அட்டையோடு நின்றார்கள். நமக்கு எதற்கு இதெல்லாம், மரம் சீவுகிறவனை யார் கேட்கப் போகிறார்கள் என்று அன்று பலர் எண்ணினார்கள்.

கேட்கிற நாளும் வந்தது. 1968ஆம் ஆண்டில் நிறைவேறிய வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வாங்க வேண்டியதாயிற்று. சீட்டுக் கிடைக்காமல் பல்லாயிரம் பேர், தங்கள் உழைப்பால் உருவான தோட்டங்களை விட்டு ரஜூலாவில் ஏறிப் போனார்கள். ஒரே குடும்பத்தில் நீல அட்டைக்காரர் இங்கேயும் சிவப்பு அட்டைக்காரர் அங்கேயுமாகப் பிரிந்தார்கள்.

ஒரே லயனில் இருந்த இரண்டு வீடுகளை எண்ணிப் பாருங்கள். இரண்டு வீட்டாரும் ஒரே கப்பலில் வந்தவர்கள். ஒரே நிரையில் மரம் சீவியவர்கள். ஒரு வீட்டில் அம்மா பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்களை, நாம் பேச்சில் 'சூராட் பிரானாக்' என்கிறோமே அதனை, பிஸ்கட் டின்னில் போட்டுச் சாமி மாடத்தில் வைத்தார். மற்ற வீட்டில் அந்தத் தாளைப் பெரிதாக நினைக்கவில்லை. மழையில் நனைந்ததோ, கரையான் தின்றதோ, முதலிலேயே எடுக்கவில்லையோ! முப்பது ஆண்டுகளுக்குப் பின் ஒரு வீடு இங்கே வேரூன்றியது. இன்னொரு வீடு மறுபடியும் மூட்டை கட்டியது. உழைப்பில் குறைவு இல்லை. அன்பில் குறைவு இல்லை. ஒரு தாள்தான் குறைவு. சட்டத்தின் கடுமையை நாம் மறுக்கவில்லை. ஆனால் சட்டம் கடுமையாக இருக்கும் இடத்தில்தான் தாளுக்கு மதிப்பும் கூடுகிறது.

இது பழைய கதை என்று தள்ளிவிடாதீர்கள். பிறப்புப் பதிவு இல்லாமலும் குடியுரிமை இல்லாமலும் இருக்கும் நம் பிள்ளைகள் இன்றும் இருக்கிறார்கள். பள்ளியில் சேரும்போதும், தேர்வு எழுதும்போதும், வேலைக்குப் போகும்போதும் அவர்கள் படும் பாடு நமக்குத் தெரியும்.

தாளைப் போலவே இன்னொன்றும் நம் மக்களைக் காத்தது. அதுதான் கூட்டு. 1950ஆம் ஆண்டுகளில் வெள்ளைக்காரர்கள் தோட்டங்களை விற்கத் தொடங்கினார்கள். வாங்கியவர்கள் துண்டு துண்டாக்கி விற்றார்கள். வேலையும் வீடும் ஒரே நாளில் போயின. லாரியில் அம்மி, ஆட்டுக்கல், தகரப் பெட்டியோடு குடும்பங்கள் திக்குத் தெரியாமல் கிளம்பின. அந்த நேரத்தில் துன் வீ. தி. சம்பந்தன் தோட்டந்தோறும் சென்று, சிறுகச் சிறுகப் பணம் போட்டுத் தோட்டத்தை நாமே வாங்குவோம் என்று எடுத்துச் சொன்னார். 1960ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. அடுத்த ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை அது வாங்கியது. கூடி வாழ்ந்தால் கோடி நன்மை என்பது வெறும் பழமொழி அல்ல. அங்கே கூடி நின்றதால் மூட்டை கட்டவே தேவையில்லாமற் போயிற்று.

அன்பர்களே, இனி நம் பயணத்துக்கு வருவோம். அடுத்த முறை பெட்டியை இறக்கும்போது நம் முன்னோர் கற்றதை நினைவில் வைப்போம். முதலில், பிள்ளையைப் பிடிக்கும் கைக்குச் சாமான் கொடுக்காமல் இருப்போம். மூத்த பிள்ளை இளையதற்குப் பொறுப்பு என்று வீட்டிலேயே சொல்லி வைப்போம். சின்னப் பிள்ளைக்கும் அதன் துணியை வைக்க ஒரு சிறு பை கொடுத்தால், அது அழுவதை விட்டுப் பெருமையோடு நடக்கும். சுக்கு, ஓமம், எலுமிச்சை, ஒரு பழைய சேலை ஆகியவை இன்றைக்கும் பேருந்தில் உதவும். பக்கத்து இருக்கைக்காரரிடம் ஒரு வார்த்தை பேசுவோம். வழித்துணை கேட்டு வாங்குவதல்ல, கொடுத்து வாங்குவது.

எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டில் ஒரு தாள் பெட்டி வைப்போம். பிறப்புப் பத்திரம், திருமணப் பதிவு, அடையாள அட்டையின் நகல், பள்ளிச் சான்றிதழ் எல்லாம் நீர் புகாத உறையில் ஓரிடத்தில் இருக்கட்டும். அது எங்கே இருக்கிறது என்று அப்பாவுக்கு மட்டுமல்ல, அம்மாவுக்கும் மூத்த பிள்ளைக்கும் தெரிந்திருக்கட்டும். குழந்தை பிறந்தால் பெயர் வைக்கும் நாளுக்குக் காத்திராமல் பதிவு செய்வோம். பதிவு இல்லாத பிள்ளை அக்கம்பக்கத்தில் இருந்தால், விவரம் தெரிந்த ஆசிரியரிடமோ தொண்டரிடமோ அந்தப் பெற்றோரை நாமே கூட்டிப் போவோம். அன்று நாகப்பட்டினத்து டிப்போவில், ஒருவர் தண்ணீருக்குப் போனபோது இன்னொருவர் பிள்ளைக்குக் காவல் இருந்தாரே, அதே வேலைதான் இது.

உங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் பாட்டியின் தகரப் பெட்டி இன்னும் இருக்கிறதா? இந்த வாரமே அதைத் திறந்து பாருங்கள். பாட்டியைப் பக்கத்தில் உட்கார வைத்து, இது எந்த வருசம் வாங்கியது, இந்தத் தாள் எதற்கு என்று கேளுங்கள். பிள்ளைகளும் கேட்கட்டும். துருப்பிடித்த பெட்டியானாலும் அதன் அடியில் ஏதாவது ஒரு தாள் கிடக்கலாம். அது யாருக்காவது உதவலாம்.